ஐம்பது

இரவு இரண்டரைக்கு யோரிஸின் மார்ப்பட்டை அலறும்.
நாடி இருபத்தெட்டுக்கு இறங்கிவிட்டது என்று பொருள்.
கண் திறக்காமலே எழுந்து
கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே
உருளைமேல் ஏற்றிவைத்த சைக்கிளை மிதிப்பான்,
பத்து நிமிடம்.
ரத்தம் பாகாகிவிட்டதாம்.
இன்னும் ஒரு கொதி வந்தால் கம்பிப் பதம்.
சிரித்தோம்.
பைரனீஸ் மலையடி விடுதியில் சுவர்கள் மெல்லியவை.
பக்கத்து அறையிலும்
யாரோ மிதிக்கும் சத்தம்.

காலை ஆறுக்குக் கதவைத் தட்டுவார்கள்
ஊசியோடும் சுழலியோடும்.
நூற்றுக்கு ஐம்பது பங்கு சிவப்பு வரை நீ ஆரோக்கியன்.
தாண்டினால் பதினைந்து நாள் வீட்டில் ஓய்வு.
குற்றம் என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை.
அவர்கள் கார் வாசலில் நின்றதுமே
உடம்பு பிடித்துவிடும் ஃபிர்மின் ஓடிவந்து
படகு ஓவியத்தைக் கழற்றி
அந்த ஆணியில் உப்புநீர்ப் பையை மாட்டுவார்.
இருபது நிமிடத்தில் நீர்த்துவிடலாம்.
நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.
ஓவியம் திரும்ப ஏறும், சற்றுக் கோணலாக.

எனக்கு இந்த மருந்தை முதலில் காட்டியது ஃபிர்மின் அல்ல,
ரூசெலாரேவில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி.
வெண்ணெய்க்குப் பின்னால்
தங்கை கோடலீவின் குப்பிகள்.
சிறுநீரகம் கைவிட்டவள்.
வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு கிடந்து
மெழுகு நிறத்தில் திரும்புவாள்.
மாடிக்குப் பத்தொன்பது படி;
மூன்று இடத்தில் உட்காருவாள்.
ஊசி தொடங்கிய ஆறாவது வாரம்
உட்காராமல் ஏறினாள்.
மேல்படியில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள்,
எல்லைக்கோட்டைத் தாண்டியவள் மாதிரி.
நான் கைதட்டினேன்.
அன்றிரவே குப்பிகளை எண்ணினேன்.

முதலில் ஒன்று.
பிறகு வாரத்துக்கு ஒன்று.
எடுத்ததில் உப்புநீர் நிரப்பி அதே இடத்தில் வைத்தேன்.
இரண்டும் பார்க்கத் தண்ணீர்தான்.
ரத்த உறவு என்பது இதுதானோ என்னவோ.

அந்த ஜூலையில்
வழக்கமாக நான் உதிரும் வளைவில் உதிரவில்லை.
வாயை மூடிக்கொண்டு மலையேறினேன்.
முப்பத்தோராவது இடம்.
ஊர்ச் செய்தித்தாளில் என் பெயர், எழுத்துப்பிழையோடு.

இரவு தொலைபேசியில் கோடலீவ்:
"நல்லா ஏறினே. டிவி பார்க்கக் கீழே இறங்கி வந்தேன்."
திரும்ப எப்படி ஏறினாய் என்று
நான் கேட்கவில்லை.
அவளே சொன்னாள்:
மருந்து இப்போதெல்லாம் சரியாகப் பிடிப்பதில்லையாம்,
மருத்துவர் அளவைக் கூட்டியிருக்கிறாராம்,
இனி மாதம் இரண்டு பெட்டி.
"இடம் போதல. வெண்ணெயை மேல்தட்டுக்கு மாத்திட்டேன்.
நீ வந்தா தேடாதே."

சரி என்றேன்.
பின்னால் யோரிஸின் மார்ப்பட்டை
அலறத் தொடங்கியிருந்தது.
அவன் எழவில்லை.
போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.