வருகையின் நோக்கம்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
நாற்காலியில் உட்காராமலே கேட்டார்:
'வேலைக்குத்தானே?'
'மேட்ச் பாக்க, சார்.'
'ஏஜெண்டு எவ்ளோ வாங்குனான்?'
'ஏஜெண்டே இல்ல சார். நம்ம டீம் ஆடுது.'
என்னை ஒருமுறை
ஆணியில் தொங்கிய பூட்ஸை ஒருமுறை பார்த்துவிட்டு
'கிரிக்கெட்டா?' என்றார்.

வியாசர்பாடியில் எங்கள் தெருவிலிருந்து
தோஹா போனவர்களை எண்ண விரல் போதாது.
சாரம் கட்ட. கம்பி வளைக்க. ஏ.சி. கழுவ.
பந்து பார்க்கப் போனது
எபநேசர், தேசிங்கு, நான்.

பல்சரை விற்றேன்.
சரளாவின் தீபாவளிச் சீட்டில் பாதியை
கேட்டும் கேட்காமலும் எடுத்தேன்.
'ஒரு கோலாவது போடுவாங்களா?' என்றாள்.
ஐந்தாம் டிவிஷனில் பதினோரு வருடம்
லெஃப்ட் பேக் ஆடியவன்
கோலைப் பற்றி வாக்குக் கொடுக்கக் கூடாது.
பேசாமல் துணி மடித்தேன்.

தேசிங்கு டப்பை எடுத்து வந்தான்.
முல்லை நகர் சுடுகாட்டுக்கு
எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்த அதே டப்பு.
மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரே பார்த்தார்கள்.
உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும்
சந்தேகம் கூடிவிட்டது.
கவுண்டருக்குக் கவுண்டர்
அதே கேள்வி, அதே பதில்,
'ரிட்டர்ன் டிக்கெட் காட்டு.'

தங்கியது எபநேசரின் மச்சான் அறையில்.
ஆறு கட்டில், பன்னிரண்டு பேர்.
ஷிப்ட்டுக்கு ஷிப்ட் உடம்பு மாறும்,
போர்வை மாறாது.
முதல் ஆட்டத்துக்கு அவர்களுக்கு லீவு இல்லை.
இரண்டாவதுக்கும் இல்லை.
நாங்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தால்
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
'எத்தினி?'
ரெண்டு, என்றோம்.
அடுத்த முறை நாலு.
யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது ஆட்டம் வெள்ளிக்கிழமை.
பன்னிரண்டு பேரும் வந்தார்கள்,
கம்பெனிச் சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டு.
அந்தப் பக்கம்தான் நீலம்.

நம் லெஃப்ட் பேக் ஒல்லியான பையன்.
இரண்டு முட்டியிலும் பிளாஸ்திரி.
எண்பதாவது நிமிடம் கோட்டோரமாக அவன் ஏறியபோது
உட்கார்ந்திருந்த என் தொடை பிடித்துக்கொண்டது.
அவன் தூக்கிப் போட்ட பந்து
எல்லாத் தலைக்கும் ஒரு சாண் மேலே போனது.
எங்கள் கிரவுண்டாக இருந்தால்
கரண்டு கம்பியில் பட்டாவது திரும்பியிருக்கும்.
அது திரும்பவில்லை.
அவன் திரும்பி ஓடி வருவதற்குள்
இந்தப் பக்கம் கோல்.

வெளியே வந்தோம்.
பதினைந்து பேர், ஒரு சத்தம் இல்லை.
விளக்குக் கம்பத்தடியில் தேசிங்கு குந்தி
உள்ளங்கையால் தோலைத் தேய்த்துச் சூடேற்றினான்.
பிறகு அடித்தான்.
மேட்சுக்கு அடிக்கிற அடி இல்லை அது,
பாடைக்கு முன்னால் அடிக்கிறது.
கேட்டதும் கால் சும்மா இருக்குமா?
நாக்கை மடித்தோம், லுங்கி இல்லாமலே லுங்கியைத் தூக்கிக் கட்டினோம்,
ஒருவன் பிணமாகப் படுத்து எழுந்து ஆடினான்.
இறைக்கப் பூ இல்லை.
யாரோ ஆரஞ்சுத் தோலைப் பிய்த்து இறைத்தார்கள்.

ஜெயித்த நாட்டின் கொடியைப் போர்த்திய ஒரு குடும்பம்
நின்று பார்த்தது.
அந்த வீட்டுப் பெரியவர்
மெதுவாக ஃபோனை எடுத்து
ஸ்கோரைச் சரிபார்த்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள்
கணேசபுரம் சப்வே பக்கம்
என் பல்சரில் எதிரே வந்த மெக்கானிக்
வண்டியை நிறுத்தாமலே கத்தினான்:
'இன்னா நைனா, அடிச்சீங்களா?'
'அடிச்சோம்' என்றேன்.

சரளா பக்கத்தில்தான் நடந்து வந்தாள்.
மூன்று ஆட்டத்தையும் டி.வி.யில் முழுசாகப் பார்த்தவள்.
திருத்தவில்லை.