இரண்டே முக்கால் மீட்டர்

மூன்றாம் வருடம் முழுக்க வகுப்பு கிடையாது.
காட்டுயிர்ப் பாதுகாப்பு படிக்கிறவர்கள்
ஒரு வருடம் களத்தில் வேலை பார்க்க வேண்டும்.
மதுவந்திக்கு முதுமலை கிடைத்தது.
யானை முதுகில் மழை விழுவதை
ஞாயிறுதோறும் அனுப்புவாள்.
எனக்குக் காரங்காடு.
ஐஸ் கம்பெனி மாடியில் ஓர் அறை,
பிவிசி குழாயில் ஒட்டிய அரை மீட்டர்ச் சதுரம்,
மூக்குப் பக்கம் ஒழுகும் முகமூடி.

"அங்க யானை இருக்கா?" என்றார் அப்பா.
கடல்பசு, என்றேன்.
"பாத்தியா?"
இன்னும் இல்லை.
ஆடியிலும் கேட்டார், ஐப்பசியிலும் கேட்டார்.
அப்புறம்
உதவித்தொகை வந்ததா என்று மட்டும்.

ஆவுளியா என்பார்கள் இந்தக் கரையில்.
அது தெரியாது, அது மேய்ந்த இடம் தெரியும்.
கடல்புல் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு
வேரோடு வழித்த தடம்,
எண்ணெய் வைத்து வாரிய தலையில் வகிடு மாதிரி.
மூச்சைப் பிடித்து இறங்கி
அதன்மேல் சதுரத்தை வைப்பேன்.
புல் எத்தனை சதவீதம் என்ற கட்டத்தில்
சுழி.
சுழி விழுந்தால் சந்தோஷப்படச் சொல்லும் படிப்பு
வேறெங்காவது உண்டா தெரியவில்லை.

மாசியில் ஒருநாள், விடிய நேரமிருக்க,
செங்கோல் கதவைத் தட்டினான்.
எனக்கு இரண்டு வயது மூத்தவன், மேடம் என்பான்.
திருக்கை வலையில் விழுந்ததாம்.
மூச்சு விட மேலே வந்து
கன்றுக்குட்டி இருமுவது போல ஒரு சத்தமாம்.
சுற்றிச் சுற்றி வெளியே இன்னொன்றாம், சின்னதாம்.
அறுத்துவிட்டான்.
அறுத்த வலைக்குப் பணம் உண்டு,
படம் பிடித்திருந்தால்.
"செல்லு நனையுமேன்னு வீட்ல வச்சிட்டுப் போனேன் மேடம்."

படிவத்தில்
நேரில் கண்டவர் என்று ஒரு கோடு.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
ஜெனோவா கேட்டாள்,
இடுப்பில் பிள்ளையோடு:
"ஒரு கையெழுத்துதான?"

அவன் சொன்னதை நான் நம்பினேன்.
நம்பியதை எழுத அதில் இடமில்லை.

வலையை மணலில் விரிக்கச் சொன்னேன்.
நாடாவின் ஒரு முனையை அவன் பிடித்தான்.
இரண்டே முக்கால் மீட்டர்.
கத்தி பட்ட கண்ணி பத்தொன்பது,
இழுபட்டு அறுந்தது ஆறு.
நேரில் கண்டவர்: இல்லை.
துளையைக் கண்டவர் என்று நானாக ஒரு கோடு போட்டு
அதன்மேல் பெயர் எழுதினேன்.

பங்குனியில் திரும்பி வந்தது.
சான்று போதாது.
சித்திரையில் மறுபடி எழுதினோம்.
மறுபடியும் அதுவே,
இந்த முறை முத்திரை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அந்த மாத உதவித்தொகையில் பாதியை
உறையில் போட்டு நீட்டினேன்.
நண்டை உடைத்துக்கொண்டிருந்தாள் ஜெனோவா.
நிமிரவில்லை.
"நீங்க பாக்கலன்னு எழுதினீங்கள்ல.
நானும் இதப் பாக்கல."

செங்கோல் இப்போது
பக்கத்து வல்லத்தில் கூலிக்குப் போகிறான்.
என்னைக் கண்டால் இன்னும் மேடம்தான்.
அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

வைகாசியில் நேர்முகத் தேர்வு.
குளிரூட்டிய அறை, மூன்று பேர், முந்திரி பிஸ்கட்.
மதுவந்திக்குப் பிறகு நான்.
அவளுடைய கடைசிப் படம் சுவரில் இன்னும் அணையவில்லை,
தும்பிக்கை மட்டும்.
என் சுழிகளை எல்லாம் காட்டினேன்.
நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒரு வருஷம் இருந்திருக்கீங்க.
எத்தனை பார்த்தீங்க?"

ஒன்றுகூட இல்லை சார், என்றேன்.
"சரி, இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

இரண்டு கையையும் விரித்தேன். போதவில்லை.
மேசையின் இந்த முனையிலிருந்து
அந்த முனைவரை நடந்தேன்.
மேசை முடிந்துபோனது.
இன்னும் ஓரெட்டு வைத்து, நின்று,
இவ்வளவு, என்றேன்.