மும்முனை

இலவம்பாடியில் கத்திரித் தோட்டத்துக்கு நடுவே
ஒரு மங்கோலியக் கூடாரம்.
வட்டமாக, வெள்ளையாக,
கவிழ்த்து வைத்த இட்லிக் குண்டான் மாதிரி.
ராத்திரிக்கு ஆயிரத்து எண்ணூறு. சாப்பாடு தனி.

'பனிக்குக் கட்டுறதாச்சே,
நம்ம வேலூர் வெயிலுக்கு ஆகுமா?' என்றேன்.
முனிரத்தினம் பதில் சொல்லாமல்
கம்பளிச் சுவரின் அடிப்பக்கத்தை
வேட்டியை மடிப்பதுபோல்
முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிவிட்டார்.
பின்னல் கம்புகளின் ஊடே காற்று வந்தது,
கூடவே ஒரு செம்மறியின் மூக்கும்.
எந்த ஊர் ஆட்டின் ரோமமோ,
முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுச்
சுவரை மென்றது.

ராணிப்பேட்டையில் பைக் ஏறியதிலிருந்தே
நானும் ஞானசேகரும் பேசிக்கொள்ளவில்லை.
அவன் அக்காவுக்குக் கொடுத்த நாற்பதாயிரம்.
நான் கேட்ட கேள்வி.
கேள்வியைவிட, கேட்ட தொனி.
வீட்டிலென்றால் ஆளுக்கொரு மூலை உண்டு.
இங்கே பையை வைக்கவே மூலை இல்லை,
கோபத்தை எங்கே சாய்த்து வைப்பது?
உச்சியில் சக்கரம்போல் ஒரு திறப்பு.
அதில் ஏழெட்டு நட்சத்திரங்கள்.
எங்கோ பள்ளிகொண்டா பக்கம் லாரிகள்.

இரண்டு மணிக்கு
மும்முனை மின்சாரம் வந்துவிட்டது.
மோட்டார் உறுமியது, நாய் குரைத்தது.
'மடை மாத்த ஆள் வரல, யாராச்சும் வர்றீங்களா?'
ஞானசேகர் அசையவில்லை.
நான் போனேன்.

ஷூ கம்பெனியில் கணக்கெழுதும் கை
மண்வெட்டியைப் பிடித்த விதத்தை
அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.
பாத்தி நிறைந்ததும் கரையை வெட்டி
அடுத்ததற்குத் தண்ணீர் விட வேண்டும்.
'ரொம்ப நிக்க விட்டா வேர் அழுகிடும், பாத்து'
என்று சொல்லிவிட்டு
நெற்றி விளக்கோடு கிணற்றுப் பக்கம் போய்விட்டார்.
ஏழாவது பாத்தியில் இருட்டில்
ஒரு காயைத் தொட்டேன்.
காம்பு முழுக்க முள்.

சேறும் ரத்தமுமான விரல்மேல்
சட்டென்று செல்போன் வெளிச்சம்.
கைலியை மடித்துக் கட்டியிருந்தான்.
முள் எடுக்கத் தெரியாது அவனுக்கு.
நான் பல்லால் கடித்து இழுத்து முடிக்கும்வரை
வெளிச்சத்தை ஆடாமல் பிடித்தான்.

நாலரைக்கு மின்சாரம் போனது.
மூன்று பாத்திகள் காய்ந்தே நின்றன.
'மிச்சம் நாளைக்கு' என்றார் முனிரத்தினம்.

நாளைக்கு எங்களுக்கு இடமில்லை.
ஆம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறதாம்,
பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும்.
பில்லில் சேராமல் இரண்டு கிலோ கத்திரிக்காய்.
பையை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்:
ஆடு மென்ற இடம்
இன்னும் ஈரமாகவே இருந்தது.