பிணைமுறி

சுற்றுநிருபம் மூன்று மொழியிலும் வரவேண்டும் என்பது விதி.
சிங்களம் திங்கட்கிழமை வந்தது,
ஆங்கிலம் புதன்.
தமிழ், அடுத்த மாதம் ஒன்பதாம் திகதி,
பீடச் சபை கூடிக் கலைந்து
பிளேன்டிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு.

அதில் பிணைமுறி என்று வரவேண்டிய இடமெல்லாம்
பந்தம் என்றிருந்தது.
பந்தத்தை மீறிய விரிவுரையாளர்கள்.
பந்தத்தில் ஒப்பமிட்ட இருவரும்
தொகையைச் சமபங்காகச் செலுத்துதல் வேண்டும்.
முறி என்றால் பத்திரம்,
முறி என்றால் ஒடி.
மொழிபெயர்த்தவர் அதற்குத்தான் பயந்தாரோ என்னவோ.

இருவரில் ஒருவன் நான்.
மற்றவர் வெத்தசிங்க, கனிமவியல்.

கலஹா சந்தி பேக்கரியில்
மாலுபான் தட்டை ஒரு பக்கம் தள்ளி
எண்ணெய் படாத மூலையில் தாளை விரித்தான் மடுகல்ல.
வெளியே ஹந்தானையைக் காணவில்லை, அவ்வளவு மழை.
அவனுடைய பேனாதான்.
நிகழ்தகவு கற்பிக்கிறவன் நான்.
இவன் திரும்பி வராமல் போவதற்கு
ஒரு எண்ணைக்கூட மனசில் போட்டுப் பார்க்கவில்லை.

பெற்றோலுக்கு இரவு முழுக்க வரிசையில் கிடந்த வருஷம்
அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி.
மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது.
மன்னியுங்கள்.

ஞாயிறுப் பத்திரிகை எழுதியது:
மக்கள் வரிப்பணத்தில் பறந்த பண்டிதர்கள்.
கீழே எங்கள் கட்டடத்தின் படம்,
இரண்டாம் மாடி ஜன்னலில் காயப்போட்ட ஒரு குடை.
என் குடை.
போனவர்களைப் பற்றிய செய்திக்கு
இருக்கிறவனின் குடை.

சபையில் பீடாதிபதி பந்தி பந்தியாக வாசித்தார்.
சங்கச் செயலாளர் வேலைநிறுத்தம் என்றார்,
பிறகு, அடையாள வேலைநிறுத்தம் என்றார்.
வெத்தசிங்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
நுஸ்ரத் மட்டும் எழுந்து நின்றாள்:
"ஆளணி பதினேழு, இருப்பது எட்டு.
போனவர்களுக்குப் பதினான்கு பந்தி எழுதியிருக்கிறீர்கள்.
இந்த எட்டுப் பேரைப் பார்த்து
இருங்கள் என்று சொல்ல ஒரு வரி உண்டா?"
கூட்டக் குறிப்பில் அது
ஒரே சொல்லாகப் பதிந்தது:
கவனிக்கப்பட்டது.

நான் வாய் திறக்கவில்லை.
நிகழ்ச்சிநிரலின் ஓரத்தில் கணக்குப் போட்டேன்.
மாதம் பதினெட்டாயிரத்து நானூறு.
ஓய்வுபெற்று ஏழு மாதம் கழித்து
என் பங்கு தீரும்.

நேற்றுப் பின்னேரம் லோகதர்ஷனி வந்தாள்.
பொகவந்தலாவை. மூன்றாம் மாடியில், மண்ணியலில்
தகுதிகாண் விரிவுரையாளர்.
மண்சரிவைப் பற்றி நாலு வருஷ ஆய்வு,
டாஸ்மேனியாவில் இடம் கிடைத்திருக்கிறது.
நனையாமல் பொலித்தீனில் சுற்றிய கோப்பு.
"ரெண்டு கையெழுத்து வேணும் சேர்.
எங்க பக்கத்துல
அரசாங்க சம்பளக்காரங்க யாரும் இல்ல."

லாச்சியிலிருந்து சுற்றுநிருபத்தை எடுத்தேன்,
தமிழ்ப் பிரதியையே.
பந்தி பதினொன்று:
அறவீடு செலுத்திக்கொண்டிருக்கும் எவரும்
புதிய பந்தம் எதிலும் ஒப்பமிடலாகாது.
விரல் வைத்துக் காட்டினேன்.
வாசித்தாள். தலையாட்டினாள்.

திரும்பி வருவாயா என்று
கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.
சட்டம் என்னைக் காப்பாற்றிவிட்டது.
ஒரு கணம் அது சுகமாகவும் இருந்தது.
அதைத்தான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வெத்தசிங்கவிடம் போகவேண்டாம், அவரும் என்னைப்போலத்தான் என்றேன்.
நுஸ்ரத் நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருப்பாள்.
மிச்சத்தைச் சொல்வதற்குள் நடையில் இறங்கிவிட்டாள்.
மேல்மாடிப் பிள்ளை,
எங்கள் வரிசையில் எது அறை, எது வெறும் பெயர்ப்பலகை என்று
அவளுக்குத் தெரியாது.

சுவரூடாகக் கேட்டது.
ஒரு கதவு. இன்னொன்று.
அதற்கடுத்தது மடுகல்லவுடையது.
இரண்டு தரம் தட்டினாள்.
பொறுத்து,
இன்னொரு தரம்.