கதவில்லாத வண்டி

பெஞ்சுரு சாலை, ஏழாம் எண் கிடங்கு.
கொள்கலனைத் திறந்ததும் எண்ணெய் வாசமும்
எதுவென்று சொல்ல முடியாத இன்னொன்றும் வந்தன.
"ஐஸ்பெட்டி நாத்தம் அக்கா" என்றான் ஷஹிதுல்.
இருக்கலாம். உள்ளே முப்பத்தாறு டிகிரி.

ஆரஞ்சு நிறம், பாதி உரிந்தது.
சக்கரங்களைச் சுற்றி இரும்புப் பட்டை,
பக்கத்துக்கு முப்பத்துநான்கு தகடு.
எண்ணினேன், படிவம் கேட்கிறது.
படிவம் இன்னும் கேட்கிறது:
வண்டியின் வயது. அறுபத்தெட்டு.
பதிவெண். இல்லை.
கடைசியாக ஓடிய சாலை.
சாலையே இல்லாத இடம் என்று எழுதினால்
மிஸ்டர் சியா திருப்பி அனுப்புவார்.
கோடு போட்டேன்.

பத்து வருஷம் முடிந்தால்
நல்ல காரையும் நசுக்க அனுப்பும் ஊர் இது.
என் அண்ணன் வண்டிக்கு வருகிற மார்ச்சோடு ஆயுள் சரி.
இதுவோ
தென்துருவத்துக்குப் பாதி வழி போய்
பனிக்குள் புதைந்து
யாரோ தோண்டியெடுத்து, எஞ்சினைப் பழுது பார்த்து,
இனி ஐரோப்பாவில் எங்கோ
கண்ணாடிக்குப் பின்னால் நிற்கப் போகிறது.
நடுவில் பதினோரு நாள் எங்களிடம்.

சேதம் என்ற கட்டத்தில்
"இடது கதவு காணவில்லை" என்று எழுதினேன்.
வலதும்.
கூரையில் ஒரு ஓட்டை, ஆள் நுழையும் அகலம்,
விளிம்பில் ரம்பத்தின் பல்தடம்.
திருட்டா, விபத்தா?
கூடவே வந்த கோப்பில் ஒரு பழுப்புத் தாள்:
பனிக்கடியில் பிளவு இருக்கும், மேலே தெரியாது.
வண்டி இறங்கினால்
கதவைத் திறக்க நேரமிருக்காது.
ஆகவே கழற்றிவிட்டார்கள்.
மைனஸ் நாற்பதில் காற்று மடியில் வந்து உட்கார
குதிப்பதற்குத் தயாராகவே ஓட்டினார்கள்.

எழுதியதை அடித்தேன்.
வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் அதற்கு உடம்புக்கு முடியவில்லை.
வறண்ட குளிரில் அறுபது வருஷம் வராத துரு
தகடுகளின் இடுக்கில் மஞ்சளாய் இறங்கியிருந்தது.
மழை கிடங்குக்குள் வராது,
மழையின் ஈரம் வரும்.
கிரீஸ் உருகிச் சொட்டியது. அட்டை விரித்தோம்.

அங்கே இதை எழுப்ப
அடியில் ஊதுவிளக்கு வைத்து
இரண்டு மணி நேரம் காய்ச்சுவார்களாம்.
முடுக்கக் கூடாதென்பது உத்தரவு.
சியா கோப்பிக்கடைக்குப் போயிருந்தார்.
ஷஹிதுல் ஒரு லிட்டர் பெட்ரோலோடு நின்றான்,
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கைப்பிடியைச் சுழற்றினேன்.
ஒரே சுற்று.
காய்ச்சாமல், கெஞ்சாமல்
கிடங்கு முழுக்க இரைச்சல்;
தூங்கிக்கொண்டிருந்த பூனை டயர் அடுக்கின் மேல் ஏறியது.

ஏறி உட்கார்ந்தேன்.
இருக்கை என் உயரத்துக்குத் தாழ்வு.
முன்னால் ஃபோர்க்லிஃப்ட், தண்ணீர்க்குழாய்,
மஞ்சள் கோடு போட்ட சிமெண்டுத் தரை.
தரைக்கடியில் கொட்டிய மணல்,
மணலுக்கடியில் முன்பிருந்த கடல்.
இடது கால் வெளியே தொங்குவதை
அப்புறம்தான் பார்த்தேன்.

"அக்கா, பாஸ்! பாஸ்!"

எப்படி அணைப்பதென்று
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.