இரண்டாம் சனி

நாள்காட்டியில் அவள் எழுதுவது மூன்றே எழுத்து.
காலைக்குக் கா, மதியத்துக்கு ம, இரவுக்கு இ.
பிலோமினா சிஸ்டர் மகனுக்கு அம்மை போட்டதில்
இந்தச் சனிக்கட்டத்து இ-க்கு முன்னால்
ஒரு ம-வும் வந்து ஒட்டிக்கொண்டது.
மஇ.
அகராதியில் இல்லாத சொல்.
நாளைக் காலைவரை ஆளில்லை என்று
எனக்கு மட்டும் பொருள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும்
வளையல் இரண்டையும் கழற்றி
என் சட்டைப்பையில் போட்டாள்.
உள்ளே போகிறபோது திரும்பி ஏதோ சொன்னாள்.
பென்னாகரம் பக்கமிருந்து வந்த ஆம்புலன்ஸ்
அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது.
மாவு என்பது மட்டும் காதில் விழுந்தது.
மாவு வாங்கணுமா, அரைக்கணுமா,
புளித்ததைக் கொட்டணுமா?
அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டேன்.

காலையில் வரவேண்டிய ஒகேனக்கல் தண்ணீர்
மூன்று மணிக்கு வந்தது.
டிரம், குடம், அண்டா, கடைசியில் குக்கர்.
போர் தண்ணீர் பிடித்தால்
பக்கெட்டெல்லாம் வெள்ளை பூத்துவிடும்.
சீருடையில் பீட்டாடின் கறை. எலுமிச்சை தேய்த்தேன்.
டீ நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது.
கேழ்வரகு மில்லில்
மாதையன் எனக்குப் பெயரே வைக்கவில்லை.
"சிஸ்டர் ஊட்டுக்காரரா, மூட்டைய இப்பிடி வைங்க."
கூட்டுறவு வங்கியில் பதினாறு வருசம்
கையெழுத்துப் போட்டுத் தேய்ந்த பெயர் எனக்கு.

சாயங்காலம் கேட்டைத் தட்டினார்கள்.
ஒருத்தர் கையில் மாத்திரை அட்டை,
ஒரு பெண் இடுப்பில் சளிபிடித்த குழந்தை.
சிஸ்டர் டூட்டி என்றேன்.
போகாமல் நின்றார்கள்.
அவள் சொல்லிக்கொடுத்த மூன்றையும் சொன்னேன்:
சாப்பிட்ட பிறகு போடுங்க,
வெந்நீர் குடிங்க,
திங்கக்கிழமை ஓ.பி.க்கு வந்துடுங்க.
போய்விட்டார்கள், பாதி குணமானவர்கள்போல.

ஏணி போட்டு மின்விசிறியைத் துடைத்தேன்.
வருசக்கணக்காகக் கிறீச்சிட்டதற்கு
நாலு சொட்டு எண்ணெய் விட்டேன்.
ஒரு ஆளுக்குக் களி கிண்ட எனக்கு வராது.
இரண்டாவது உருண்டை தட்டில் பார்த்துக்கொண்டிருந்தது.
பதினொரு மணிக்குச் "சாப்ட்டாச்சா" அனுப்பினேன்.
மூன்று பத்துக்குப் பதில் வந்தது:
ம்.

ஞாயிறு எட்டு மணிக்கு
டெட்டால் வாசத்தோடு வந்தாள், குளித்தாள்,
ஈரத்தலையோடு படுத்தாள்.
அதற்குப்பிறகுதான் எனக்கு வேலையே.
காலிங்பெல்லின் பேட்டரியைக் கழற்றினேன்.
பழைய இரும்பு ஈயம் பித்தாளை ஆட்டோவை
தெருமுனையிலேயே மறித்து
மைக்கை நிறுத்தச்சொல்லிப் பத்து ரூபாய் கொடுத்தேன்.
கிரிக்கெட் பையன்களுக்கு அடுத்த தெரு.
வளையலைப் பையிலிருந்து எடுத்து
அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன்.
பூனைபோல் நடந்தேன் என்று சொல்லமுடியாது.
எங்கள் தெருப் பூனைகள் என்னைவிடச் சத்தம்.

ஊறியது ஊறிக்கொண்டே இருந்தது.
கிரைண்டரைத் தூக்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்
நீள வயர் இழுத்து அரைக்கலாம் என்று
குழவியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது
கதவோரம் நின்றாள், கண் சிவந்து.

"ஃபேனுக்கு எண்ணெய் விட்டீங்களா?"
ஆமாம்.
"அதான். கண்ண மூடினா திக்குனு முழிப்பு வருது.
வார்டுல மெஷின் கத்திட்டே இருந்தா நிம்மதி.
நின்னாதான் ஓடணும்."

ஊறிய உளுந்தைப் பார்த்தாள்.
"ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்கு, ஊறவெக்காதீங்கன்னு
நேத்து வாசல்லயே சொன்னேனே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை,
வருவதற்குத் தெம்பில்லை.

"பரவால்ல, இங்கயே அரைங்க.
கதவ மூட வேணாம்."

போட்டேன்.
அரைத்தூக்கத்தில் அவள் கால் ஒருதரம் உதறி அடங்கியது.
இன்றைய கட்டத்திலும் இ.
ஆறு மணிக்கு மறுபடி வண்டியை எடுக்கணும்.
ஓரத்தைத் தள்ளிவிட்டு, தண்ணீர் தெளித்து,
தள்ளிவிட்டு, தெளித்து
உட்கார்ந்திருக்கிறேன்.
உளுந்து பொங்கி, வெண்ணெயாகி,
சூடேற ஆரம்பித்து வெகுநேரம் ஆயிற்று.
சுவிட்சை அணைக்கவில்லை.