மூன்றாம் எண்

யீஷூன், ஏப்ரல்.
புளோக்கே வியர்க்கையில்
எனக்கு மட்டும் கம்பளிச் சட்டை.
இரவில் அவர் மின்விசிறியை ஐந்தில் வைப்பார்,
நான் எழுந்து அணைப்பேன்.
பிறகு இரண்டு முதுகுகள்.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் ரோஸ்னா
கழுத்தில் விரல் வைத்து விழுங்கச் சொன்னார்.
ஆறு மாதம் விழுங்கியதெல்லாம்
ஒருமுறை ஏறி இறங்கியது.

"தைராய்டு தூங்குகிறது.
மூளைக்கடியில் பட்டாணியளவு சுரப்பி
கத்திக் கத்திப் பார்க்கிறது;
இது காதில் போட்டுக்கொள்ளவில்லை."
எங்கள் வீடு போலத்தான்.

இப்போது விடியலில், வெறும் வயிற்றில், ஒரு மாத்திரை.
கோப்பிக்கு இன்னும் அரைமணி நேரம்.
அன்று 'போய்த் தொலையுங்கள்' என்றது
நானா, அந்தச் சுரப்பியா?
மன்னிப்பை யார் கேட்பது?

நேற்றிரவு எனக்கு வியர்த்தது.
எழுந்து மூன்றில் வைத்தேன்.
அவர் தூக்கத்திலேயே
போர்வையை இழுத்துக்கொண்டார்.